ஜனாஸாவைத் தூக்க ஊரே வருகிறது, நோயாளியைத் தூக்க யார் வருகிறார்கள்?

எங்கள் வீட்டு அலுமாரியில் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று வாப்பாவுடையது, மற்றது உம்மாவுடையது. வாப்பா பாரிசவாதத்தால் விழுந்து, வலப்பக்கம் இயங்காமல் நான்கு வருடங்கள் கட்டிலில் கிடந்தார். அந்த நான்கு வருடங்களில் அவருடைய கொப்பியில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. உம்மாவுக்கும் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. ஆனால் உம்மாவின் கொப்பியில், மூன்றாவது வருடத்தில் ஏழு மாதங்களுக்கு ஒரு திகதிகூட இல்லை.

நான் ஓர் ஆசிரியர். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாட்கள் வராவிட்டால், வரவு இடாப்பைப் பார்த்து வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பவன். ஆனால் பெற்ற தாயின் ஏழு மாத வரவின்மை என் கண்ணில் படவில்லை. காலில் ஆறாத புண்ணோடு உம்மாவை வைத்தியசாலையில் சேர்த்த அன்று, வைத்தியர் கொப்பியைக் கேட்டார். அப்போதுதான் அதைத் திறந்து பார்த்தேன்.

"ஏன் உம்மா கிளினிக் போகல்ல?" என்று கேட்டேன்.

"நான் போனா வாப்பாவ யாரு பாக்குற, மகன்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் நான்கு பிள்ளைகளிடமும் பதில் இருக்கவில்லை. நாங்கள் வாப்பாவைக் கவனிக்காத பிள்ளைகள் அல்ல. மருந்துக்குக் காசு கொடுத்தோம். ஜும்ஆ முடிந்ததும் வந்து கட்டிலருகே கால் மணித்தியாலம் உட்கார்ந்தோம். "உம்மாட பொறுமைக்கு சுவர்க்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனோம். எங்களில் ஒருவர் மாதத்தில் ஒரு காலைப் பொழுது அந்தக் கட்டிலருகே இருந்திருந்தால் போதும், உம்மா கிளினிக் போய் வந்திருப்பார். அதை அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை எங்கள் வீட்டைப் பற்றியது மட்டுமல்ல. நோயுற்ற முதியவரை அவரைப் போலவே முதுமையடைந்த துணை தனியாகப் பராமரிக்கும் வீடுகள் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கின்றன. அந்த வீடுகளில் நோயாளி ஒருவர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இருவர் இருக்கிறார்கள்.

முதுமை கூடுகிறது, வீடு காலியாகிறது

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் சனத்தொகையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. பன்னிரண்டு வருடங்களில் ஏற்பட்ட மாற்றம் இது. முஸ்லிம்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்ல.

அதேநேரம் வீட்டில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். எட்டு, பத்துப் பிள்ளைகள் இருந்த தலைமுறை போய், மூன்று, நான்கு பிள்ளைகளின் தலைமுறை வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் கட்டாரில், இன்னொருவர் கொழும்பில். மருமகள் ஆசிரியை அல்லது அரச அலுவலகத்தில் வேலை. கிழக்கில் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது நம் வழக்கம். மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு இன்னொரு வீடு என்று கட்டிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் கடைசியில் பின்வளவில் ஓர் அறைக்கோ சிறு வீட்டுக்கோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். மகள் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் அவளுக்கும் பாடசாலை செல்லும் பிள்ளைகள் உண்டு. இரவில் அந்தச் சிறு வீட்டுக் கதவு மூடப்பட்ட பின் உள்ளே இருப்பது இரண்டு முதியவர்கள் மட்டுமே.

பெரும்பாலும் மனைவியே வயதில் இளையவர். எனவே கணவரைப் பார்ப்பவரும் அவரே, பின்னர் தனித்து வாழ்பவரும் அவரே. தன் ஆரோக்கியம் முழுவதையும் கணவரின் கட்டிலருகே செலவழித்துவிட்டு, தன் முறை வரும்போது பார்க்க ஆளில்லாமல் நிற்பவர்களாக நம் தாய்மார் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பராமரிப்பவருக்கு என்ன நடக்கிறது?

படுக்கையில் உள்ள ஒருவரைப் பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வெள்ளிக்கிழமை வந்து போகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். அறுபது கிலோ எடையுள்ள, தானாக அசைய முடியாத ஓர் ஆணின் உடலை நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண் புரட்டுகிறார். பம்பர்ஸ் மாற்ற வேண்டும். புரையேறாமல் கஞ்சி ஊட்ட வேண்டும். மாத்திரைகளை நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வுழூவுக்குத் தண்ணீர் கொடுத்து, கிப்லாவின் பக்கம் திருப்ப வேண்டும். நோயாளி கோபப்பட்டால் பொறுக்க வேண்டும். பார்க்க வருபவர்களுக்குத் தேநீரும் ஊற்ற வேண்டும்.

இதில் முதலில் பறிபோவது தூக்கம். தொடர்ந்து தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தமும் சீனியும் கட்டுப்பாட்டை மீறும், ஞாபகம் தடுமாறும், சிறு விடயத்துக்கும் அழுகையோ எரிச்சலோ வரும். அடுத்தது முதுகும் முழங்காலும். அதற்கடுத்தது வெளியுலகம். கலியாண வீடு, அயலவர் வீடு, பெண்கள் ஹல்கா எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிடும். இவற்றுக்கு மேலாக ஒரு துக்கம் இருக்கிறது. ஐம்பது வருடம் தன்னோடு கதைத்துச் சிரித்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மௌத்து வீட்டில் அழலாம். இந்தத் துக்கத்துக்கு அழ இடமில்லை.

இது மருத்துவ உலகம் நீண்ட காலமாக ஆராய்ந்து வரும் விடயம். பராமரிப்பவரின் சுமையை அளப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட் 1980இல் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். அதன் 22 கேள்விகள் கொண்ட வடிவம் இன்றும் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. 'உங்களுக்கென்று நேரம் இல்லை என்று உணர்கிறீர்களா, உங்கள் உடல்நலம் கெட்டுவிட்டதா' என்ற போக்கிலான கேள்விகள் அவை. நம்மில் எத்தனை பேர் நம் உம்மாவிடம் இப்படி ஒரு கேள்வியையாவது கேட்டிருக்கிறோம்?

1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. 66 முதல் 96 வயது வரையான கணவன் அல்லது மனைவிமார் நான்கு வருடங்கள் அவதானிக்கப்பட்டனர். தம் துணையைப் பராமரித்து, அதனால் அழுத்தத்துக்கு ஆளானவர்களுக்கு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட மரணிக்கும் ஆபத்து 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வின் மறுபக்கமும் முக்கியமானது. பராமரித்தும் அத்தகைய அழுத்தத்துக்கு ஆளாகாதவர்களிடம் இந்த அளவு ஆபத்துக் காணப்படவில்லை.

அதாவது துணையைப் பார்ப்பது யாரையும் கொல்வதில்லை. சுமை தாளாமல் தனித்துப் பார்ப்பதுதான் ஆபத்து. எனவே 'உம்மாவை இந்த வேலையிலிருந்து விடுவிப்போம்' என்பதல்ல தீர்வு. அவர் அதற்கு ஒருபோதும் சம்மதிக்கவும் மாட்டார். அவரைத் தனியாக விடாமல் இருப்பதே தீர்வு.

பொறுமை என்ற பெயரில்

நம் பெண்கள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் நன்றி கெட்டவள் என்று நினைப்பார்கள் என்ற பயம். கணவரின் அந்தரங்கத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்ற வெட்கம். களைப்பைச் சொன்னால் கூலி போய்விடும் என்ற எண்ணம். நாமும் 'ஸபர் செய்யுங்கள்' என்று சொல்லி அந்த எண்ணத்துக்கு உரமிடுகிறோம். பொறுமை என்பது நோயின் சோதனைக்கு. பிள்ளைகளின் கவனக்குறைவையும் அதே பொறுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது ஸூரத்துல் பகராவின் இறுதி வசனம் தரும் படிப்பினை. ஆனால் நாம் நம் தாயைச் சக்திக்கு மேல் சிரமப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆண்களின் நிலை வேறு விதமானது. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். மனைவிக்கு மறதி நோய். இரவில் எழும்பி, "நீங்க யாரு? என்ட ஊட்டுக்கு ஏன் வந்த?" என்று கேட்பாராம். நாற்பத்தெட்டு வருடம் வாழ்ந்த கணவரிடம் கேட்ட கேள்வி அது. அவர் சமைக்கப் பழகினார். மனைவிக்குத் தலை வாரிப் பின்னல் போடப் பழகினார். அவரைப் பள்ளியில் காணாதபோது, "ஆள் இப்ப ஜமாஅத்துக்கே வாறல்ல" என்று சிலர் கதைத்தார்கள். வேறு ஆளில்லாத நிலையில் நோயாளியோடு இருக்க வேண்டியவருக்கு ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும்கூட விலக்கு உண்டு என்பது நம் பிக்ஹ் நூல்களில் உள்ள சட்டம்தான். கதைத்தவர்களில் ஒருவர் அந்த ஜும்ஆ நேரத்தில் தன் மனைவியையோ மகளையோ அவர் வீட்டில் இருக்க அனுப்பியிருந்தால், அவர் பள்ளிக்கு வந்திருப்பார்.

உஸ்மான் (ரழி) அவர்கள் பத்ர் போரில் கலந்துகொள்ளவில்லை. நபி (ஸல்) அவர்களின் மகளும் தம் மனைவியுமான ருகையா (ரழி) அவர்கள் நோயுற்றிருந்ததால், அவரைப் பார்த்துக்கொள்ள மதீனாவில் தங்குமாறு பணிக்கப்பட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் கனீமத்தின் பங்கும் அவர்களுக்கு உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். நோயுற்ற மனைவியின் கட்டிலருகே இருப்பது ஆணுக்குரிய வேலையல்ல என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உம்மா வைத்தியசாலையில் இருந்த பன்னிரண்டு நாட்களும் வாப்பாவை நாங்கள் நால்வரும் பார்த்தோம். இரண்டாம் நாளே எங்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. பிறகு பாடசாலை நேரசூசி போல ஒன்றைத் தயாரித்துச் சுவரில் ஒட்டினோம். அந்த அனுபவத்திலிருந்து சில விடயங்கள்:

முதலாவது, இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகளாவது முதிய துணை வேறு அறையில் முழுமையாகத் தூங்க வேண்டும். பகலில் ஆயிரம் உதவி செய்வதைவிட இது பெரிய உதவி.

இரண்டாவது, பராமரிப்பவரின் கிளினிக் திகதியைக் குடும்பத்தின் திகதியாக்குங்கள். வட்ஸ்அப் குழுமத்தில் நோயாளியின் செய்தி மட்டும் பகிரப்படுகிறது. 'உம்மாட பிரஷர் எவ்வளவு?' என்ற கேள்வியும் அதில் வர வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டில் உள்ளவர் அனுப்பும் காசைக் கைகளாக மாற்றுங்கள். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, உயர்த்தக்கூடிய கட்டில், வாரத்தில் சில நாட்களுக்கு ஓர் உதவியாளர் என்று அந்தப் பணம் உம்மாவின் முதுகைக் காப்பாற்ற வேண்டும்.

நான்காவது, தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாதியிடம் கேட்டால், விரிப்பைப் பிடித்துப் புரட்டுவது, உட்கார வைத்து ஊட்டுவது, புண்ணைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைக் காட்டித் தருவார்கள். வெட்கப்படாமல் கேட்டு, ஒரு முறை அவர்கள் முன்னிலையில் செய்து பாருங்கள்.

ஐந்தாவது, சில அடையாளங்களைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள். பராமரிப்பவர் சாப்பாட்டைத் தவிர்க்கிறார், அடிக்கடி அழுகிறார், நோயாளியிடம் கத்திவிட்டுப் பின்னர் குற்ற உணர்வில் தவிக்கிறார், 'அல்லாஹ் எங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டா நல்லம்' என்கிறார் என்றால், அது வெறும் அலுப்பல்ல. அவரை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலும் பேசலாம். அவசர நிலையில் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

பேசப்படாத கடைசி நாட்கள்

வாப்பாவுக்கு இரண்டாவது முறை பாரிசவாதம் வந்தபோது வைத்தியர் எங்களை அழைத்தார். நினைவு திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு, மூச்சு மோசமானால் குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்பதா என்று முடிவு சொல்லுங்கள் என்றார். ஒரு மகன் 'எல்லாம் செய்யுங்க' என்றார். மற்றவர் 'கஷ்டப்படுத்த வேணாம்' என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்த சகோதரர் போனில் அழுதுகொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் வாதாடினோம். தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த உம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் தங்கைதான் போய்க் கேட்டாள். உம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கதைக்க முடிஞ்ச காலத்துல அவரு எனக்கிட்ட சொல்லித்தான் வெச்சாரு. மெஷின்ல போடவாணாம், என்ட கட்டில்லயே வெச்சிருங்க எண்டு."

நான்கு வருடங்கள் இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவருக்கே அந்த மனிதரின் விருப்பம் தெரிந்திருந்தது. நாங்கள் அவரைச் செலவுக் கணக்கும் சட்டமும் தெரியாத ஒரு முதியவராக ஓரத்தில் உட்கார வைத்திருந்தோம்.

பலர் இந்த இடத்தில் குற்ற உணர்வில் தவிக்கிறார்கள். சிகிச்சையை மறுப்பது உயிரை எடுப்பதாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிரை முடிப்பதற்காக ஏதாவது செய்வது ஹராம், அதில் ஐயமில்லை. ஆனால் பயனளிக்காது என்று நம்பகமான வைத்தியர்கள் சொல்லும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது வேறு. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986இல் அம்மானில் கூடியபோது, மூளையின் செயற்பாடுகள் அனைத்தும் முழுமையாக நின்று, அது மீளாது என்று துறைசார் வைத்தியர்கள் உறுதிப்படுத்திய நிலையில், உயிர்காப்பு இயந்திரத்தை அகற்றுவது கூடும் என்று தீர்மானித்தது. எல்லா நோயாளியும் அந்த நிலையில் இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் வைத்தியரிடமும் விடயம் தெரிந்த ஆலிமிடமும் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அந்தக் கலந்துரையாடலில் மனைவி அல்லது கணவர் முதல் கதிரையில் இருக்க வேண்டும்.

இயந்திரம் வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்று அர்த்தமல்ல. வலி, மூச்சுத் திணறல், புண், பயம் ஆகியவற்றைத் தணிப்பதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு உள்ளது. அதை வலிநிவாரணப் பராமரிப்பு என்கிறோம். நம் சுகாதார அமைச்சு அதற்கென 2019 முதல் 2023 வரைக்குமான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. அது புற்றுநோயாளருக்கு மட்டும் உரியதல்ல. நோயாளியின் குடும்பத்தைத் தாங்குவதும் அதன் பகுதியே. 'இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க' என்று சொல்லப்பட்டால், 'வீட்டில் வலி வந்தால் என்ன கொடுப்பது, யாரைத் தொடர்புகொள்வது?' என்று கேளுங்கள். வைத்தியர் அளவு பார்த்துத் தரும் மோர்பின் போன்ற மருந்துகளை 'போதை' என்று பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. வலியில் துடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பராமரிப்பவரை உடைத்துவிடும்.

கடைசி நாட்களில் உடலில் ஏற்படும் மாற்றங்களை முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். நோயாளி உணவை மறுப்பார். நீண்ட நேரம் தூங்குவார். கைகால் குளிரும். மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் சத்தம் கேட்கும். 'சாப்பாடு கொடுக்காமல் பட்டினி போட்டுவிட்டேனே' என்று பல மனைவிமார் வருடக்கணக்கில் அழுகிறார்கள். மரணத்தை நெருங்கும் உடலுக்குப் பசி இருப்பதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். உதட்டை ஈரப்படுத்தினால் போதும். கலிமாவை மென்மையாக ஒருவர் சொல்லிக்கொடுத்தால் போதும். அறை நிறைய ஆட்கள் சுற்றி நின்று அழுத்தக் கூடாது.

வாப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஒன்பதாம் நாள், ஸுபஹுக்கு முன், அவருடைய கட்டிலிலேயே உயிர் பிரிந்தது. உம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நினைவு இருக்கும்போதே

இவற்றையெல்லாம் வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் நின்று பேசுவதைவிட, நினைவும் பேச்சும் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. வஸிய்யத் எழுதி வைப்பது நம் மார்க்கம் வலியுறுத்திய விடயம். யாருக்கு எவ்வளவு கடன், யாரிடமிருந்து வர வேண்டும், கொடுக்காமல் விடுபட்ட மஹர் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். கொடுபடாத மஹரும் கடனே. சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அது மனைவிக்குப் போய்ச் சேர வேண்டும். வாரிசு அல்லாதவர்களுக்கோ நற்பணிக்கோ மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் எழுதலாம். பிள்ளைகள் உள்ளபோது மனைவியின் வாரிசுப் பங்கு எட்டில் ஒன்று. எஞ்சியிருப்பவர் எங்கே தங்குவார், அவருடைய மருந்துச் செலவு யாருடையது என்பதையும் இருவரும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேச வேண்டும். இப்படிப் பேசுவது மௌத்தை அழைப்பதாகாது. மௌத்து அழைக்காமலேயே வரும்.

ஷாபிஈ மத்ஹபின்படி கணவனும் மனைவியும் ஒருவர் மற்றவருடைய ஜனாஸாவைக் குளிப்பாட்டலாம். அபூபக்ர் (ரழி) அவர்களை அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) குளிப்பாட்டியதாக அறிவிக்கப்படுகிறது. ஆனால் நம் ஊர்களில் ஜனாஸா வந்ததும் மனைவியை ஓர் அறைக்குள் அனுப்பிவிடுகிறோம். அவர் விரும்பினால், கடைசி முறையாக அந்த உடலுக்குத் தண்ணீர் ஊற்றும் உரிமையை அவருக்குக் கொடுப்போம். நான்கு வருடம் தினமும் துடைத்த உடல் அது.

பிறகு இத்தா. நான்கு மாதங்களும் பத்து நாட்களும். வாப்பா மௌத்தாகி இரண்டாவது மாதத்தில் உம்மாவின் கிளினிக் திகதி வந்தபோது, "இத்தாவில இருக்கிறவங்க வெளிய போகலாமா?" என்று வீட்டில் பெரிய கேள்வி எழுந்தது. எங்கள் மௌலவியிடம் கேட்டேன். மருத்துவம் அத்தியாவசியத் தேவை, அதற்காகப் பகலில் சென்று வரத் தடையில்லை என்றார். இதைத் தெரியாமல் எத்தனை தாய்மார் அந்த நான்கு மாதங்களில் மருந்தில்லாமல் இருக்கிறார்களோ என்று அன்று நினைத்தேன். இத்தாக் காலம் முழுவதும் தொடர்ந்து யாராவது கூட இருப்பதும் முக்கியம். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உம்மா எழும்பி உட்காருவார். புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

மஹல்லா செய்யக்கூடியது

நம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் உள்ளன. மௌத்துச் செய்தி வந்த அரை மணித்தியாலத்தில் கபுறு வெட்ட ஆள் வரும், கபன் வரும், சந்தூக்கு வரும், கதிரை வரும். வேறு சமூகத்தவர்கள் பார்த்து வியக்கும் ஒழுங்கு அது. அதே ஒழுங்கில் கால்வாசியை உயிரோடு இருப்பவர்களுக்காகவும் பயன்படுத்த முடியாதா?

ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் மஹல்லாவில் படுக்கையில் உள்ளவர்களின் பட்டியலை வைத்திருக்கட்டும். அவர்களைப் பராமரிப்பவர் யார், அவருடைய வயது என்ன என்ற நிரலும் அதில் இருக்கட்டும். ஒரு வீட்டில் நோயாளி மௌத்தானதும் மூலையில் கிடக்கும் சக்கர நாற்காலியையும் காற்று மெத்தையையும் சேகரித்து, தேவையானவர்களுக்கு இரவல் கொடுக்கட்டும். பயிற்சி பெற்ற ஆண்கள் சிலரும் பெண்கள் சிலரும் வாரத்தில் ஒரு தடவை இரண்டு மணித்தியாலம் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுத் தாய் கிளினிக் போகலாம், குளிக்கலாம், தூங்கலாம். ஓய்வுபெற்ற தாதியர் நம் ஊர்களில் இருக்கிறார்கள், பயிற்சி கொடுக்க அவர்களை அழைக்கலாம்.

அரசாங்கத்தின் பக்கம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். ஆனால் சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தரும். நள்ளிரவில் ஒரு பக்கம் பிடித்துப் புரட்ட இன்னொரு சோடிக் கைகளை அது தராது.

உம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். கால் புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அவருடைய கிளினிக் கொப்பி என் பாடசாலைப் பையில்தான் இருக்கிறது. வரவு இடாப்பைத் திறக்கும்போது அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் இன்று உங்கள் பெற்றோர் வீட்டுக்குப் போனால், நோயாளியிடம் ஸலாம் சொல்லிய பிறகு, அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசித் திகதி எப்போது என்று பாருங்கள். அடுத்த திகதி அன்று காலை அந்தக் கட்டிலருகே நீங்கள் இருங்கள்.